கம்பி உருளும் என்று சொன்னவர்

புத்தூரில் சுதாகரன் மாஸ்ரரிடம் பௌதிகவியல் படித்த எவரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தைப் பிசகாமல் சொல்வார்கள். காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பியை வைத்து, அதனூடாக மின்னோட்டத்தை விட்டால், கம்பி அசையும். எந்தப் பக்கம் அசையும் என்பதை இடக்கையின் மூன்று விரல்களை விரித்துப் பார்த்தே சொல்லிவிடலாம். இருபத்தொரு வருடமாக அவர் இதைக் கரும்பலகையில் கீறி, கம்பிக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, "இப்ப இது ஓடும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அவர் இதுவரை போட்ட அம்புக்குறிகளைக் கொண்டு ஒரு வெங்காயத் தோட்டத்துக்குச் சுற்றிவர வேலியே அடைக்கலாம். ஆனால் அந்தக் கம்பி ஓடியதை அவர் தன் கண்ணால் ஒரு நாளும் கண்டதில்லை.

இது எப்படி எங்களுக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். நாங்கள் மற்றவர் வீட்டுப் புதினம் விசாரிக்கிற ஆட்கள் அல்ல. மாஸ்ரர் வீட்டுக் குசினி யன்னல் நாங்கள் நடந்து போகிற ஒழுங்கைப் பக்கம் திறக்கிறது. அவருடைய மனைவி மீனாம்பிகைக்குக் குரல் கொஞ்சம் உரப்பு. அதற்கு நாங்கள் என்ன செய்ய?

காணாததற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. அவர் உயர்தரம் படித்தது போர்க்காலத்தில்; யாழ்ப்பாணத்துக்குள் ரோச் லைற் பற்றரி கொண்டுவருவதே தடை. பற்றரி இல்லாத ஊரில் மின்னோட்டத்துக்கு எங்கே போவது? அவருடைய வாத்தியாரும் பலகையில் கீறித்தான் காட்டினார். நல்ல நியாயம்தான். பிரச்சினை என்னவென்றால், தடை நீங்கிப் பெட்டிக் கடைகளிலெல்லாம் பற்றரி மாலை மாலையாகத் தொங்கத் தொடங்கிய பிறகும் அவர் அந்த நியாயத்தைக் கைவிடவில்லை. முதலில் நேரமில்லை, பிறகு ஆய்வுகூட அலுமாரியின் திறப்பைக் காணவில்லை, பிறகு பாடத்திட்டம் முடிக்க வேண்டும். கடைசியில், இத்தனை வருடமாகச் செய்யாததை இனிச் செய்யப்போய், அது அசையாவிட்டால் என்ன ஆவது என்ற பயம். இந்தக் கடைசிக் காரணத்தை அவர் மீனாம்பிகைக்குக்கூடச் சொன்னதில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடிக்கு மட்டும் சொல்வார்.

இப்படியே ஓய்வுபெற்றுப் போயிருப்பார். ஆனால் இந்த வருடம் எட்டுப் பேர் என்ற கணக்கு வந்து குறுக்கே நின்றது.

அவருடைய பாடசாலை சின்னப் பாடசாலை. அதிலே உயர்தரக் கணிதப் பிரிவு ஒன்றை ஏழு வருடத்துக்கு முன் அலைந்து திரிந்து தொடக்கியவர் அவர்தான். இந்த முறை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் எட்டு மாணவர்கள் பதியாவிட்டால் பிரிவை மூடலாம். மூடினால் பௌதிகவியல் ஆசிரியருக்கு அங்கே வேலை இல்லை; எங்கே தட்டுப்பாடோ அங்கே அனுப்புவார்கள். இடமாற்றத்தைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. தான் தொடக்கிய வகுப்பு தன் கண்முன்னே மூடப்படும் என்பதுதான் அவரைத் தின்றது. திங்கட்கிழமை பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. இன்னும் மூன்று வேண்டும். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் நெல்லியடியில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற யோசனையில் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, சந்திக் கடையில் அவர் பாண் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சண்முகநாதன் வந்தார். சண்முகநாதன் தபால் கந்தோரில் வேலை. அவருடைய மகள் கீர்த்திகா சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தவள். அப்படி ஒரு பிள்ளை சேர்ந்தால் பின்னாலே இரண்டு பேராவது வருவார்கள்.

"மகளை எங்கடை பள்ளிக்கூடத்திலையே விடலாமே," என்றார் சுதாகரன், பாணைக் கையில் பிடித்தபடி.

"விடலாம் சேர். ஆனால் பிள்ளை சொல்லுறாள், நீங்கள் எல்லாத்தையும் பிளாக்போட்டிலைதான் செய்யிறியளாம். கீறிப்போட்டு 'நம்புங்கோ' எண்டு சொல்லுவியளாம். நம்புறதுக்குக் கோயில் இருக்குத்தானே சேர்?"

கடைக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை, கொஞ்சம் இருமினோம். சுதாகரனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அந்தச் சூட்டில் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"வெள்ளிக்கிழமை பெற்றார் கூட்டத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கம்பியைக் காந்தத்துக்கு மேலாலை ஓட்டிக் காட்டுறன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை இரண்டு முறை நிறுத்தி, தான் சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் அது வேறு யாரோ மடையன் சொன்னதுபோலத்தான் இருந்தது.

சாமான் சேர்ப்பது நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் எரிந்துபோன ஸ்பீக்கர்கள் மூன்று கிடந்தன. உள்ளே இருந்த வட்டக் காந்தங்களைக் கழற்றி எடுத்தார். தண்டவாளம் போல நீளவாட்டில் வைப்பதற்கு வீட்டு முன்னறையின் பித்தளைத் திரைச்சீலைக் கம்பிகள் இரண்டு. மீனாம்பிகை திரைச்சீலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இனி ஒழுங்கையாலை போறவை எல்லாம் வீட்டுக்குள்ளை பாக்கப்போகினம்," என்றாள். நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டோம். அந்த இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைக்க, சாண் நீளத்தில் இன்னொரு மெல்லிய பித்தளைக் கம்பி. அதுதான் ஓட வேண்டிய கம்பி.

புதன்கிழமை பின்னேரம் ரோச் பற்றரி நாலைத் தொடுத்து இணைத்துப் பார்த்தார். கம்பி ஓடவில்லை. லேசாக நடுங்கியது. அதுவும் மின்விசிறிக் காற்றாலா என்று அவருக்கே சந்தேகம். மின்னோட்டம் போதாது, பெரிய பற்றரி வேண்டும் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதிரவேலு அண்ணையிடம் போனார்.

கதிரவேலு தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை, ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். இந்த இரண்டு வீட்டுக்கும் நல்ல உறவுதான், ஒரு சின்னக் கீறலைத் தவிர. போன வருடம் கதிரவேலு புதுத் தண்ணீர் மோட்டர் வாங்கி, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்ரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, மோட்டர் பொட்டிலை ஓடாது, கறண்டிலைதான் ஓடும்." நல்ல பகிடிதான். ஆனால் கதிரவேலு சிரிக்கவில்லை. மோட்டர் அன்றைக்கு ஓடியதும், "கறண்டும் வந்திது, பொட்டும் இருந்தது. எதாலை ஓடினதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று மதிலைப் பார்த்துச் சொன்னவர், அதற்குப் பிறகு மூன்று கிழமை மதில் பக்கமே வரவில்லை.

"பற்றரி தரலாம் மாஸ்ரர்," என்றார் இப்போது. "ஆனால் நாளைக்கு உழவு இருக்கு. வெள்ளி விடியத்தான் கழட்டுவன். நானே கொண்டுவந்து, நானே பூட்டி, நானே பக்கத்திலை நிப்பன். நீங்கள் நேர வயரைக் குடுத்து ஷோட் ஆக்கிப்போட்டியளெண்டால் என்ரை வெங்காயத்துக்கு ஆர் பொறுப்பு?"

"ஷோட் ஆகாது அண்ணை."

"ஆகாது எண்டு போட்டிலை கீறிக் காட்டுவியள். எனக்கு அது காணாது. ஒரு ஹெட்லைற் பல்ப்பை இடையிலை போடுங்கோ. கறண்ட் அளவாப் போகும். போகுதோ இல்லையோ எண்டும் தெரியும்."

அது நல்ல யோசனை. தனக்கு ஏன் வரவில்லை என்று மாஸ்ரருக்குக் கொஞ்சம் வலித்தது. பட்டம் பெற்றவர் அல்லவா.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மீனாம்பிகை கலண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, கூட்டம் நாளைக்கு எத்தினை மணிக்கு?"

"பதினொண்டு."

"வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்ரண்டு வரை ராகுகாலமப்பா! ஆர் உந்த நேரம் வைச்சது?"

"அதிபர் மிஸ்." பாடசாலை அதிபர் ரஞ்சினி மெதடிஸ்ற் சபைக் கிறிஸ்தவர். அவருடைய நாட்குறிப்பில் ராகு வருவதில்லை.

"அப்ப ராகுகாலத்துக்கு முதலே தொடங்கி வைச்சிடுங்கோ. ஒரு பொட்டாவது வைச்சு..."

"மீனா, காந்தத்துக்கு ராகுகாலம் தெரியாது," என்று சொன்னார் மாஸ்ரர். உரத்துத்தான் சொன்னார். ஒழுங்கையில் எங்களுக்கு அது நன்றாகக் கேட்டது. அடுத்த நாள் நடந்ததை நாங்கள் இவ்வளவு ரசித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. ஆய்வுகூடத்தில் சுதாகரன் தனியே நின்றார். கதிரவேலு பற்றரியைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, இரண்டு முறை எச்சரித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மேசையில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது: வரிசையாக மூன்று காந்தங்கள், அவற்றின் இருபக்கமும் இரண்டு பித்தளைத் தண்டவாளம், வயர், சுவிச்சு ஆழி, ஹெட்லைற் பல்ப். ஓடவேண்டிய கம்பி அவருடைய கையில் இருந்தது.

ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அதற்காகத்தான் ஒன்பது மணிக்கே வந்தார். ஆனால் கை போகவில்லை. இப்போது ஓட்டிப் பார்த்து, ஓடாவிட்டால், பதினொரு மணி வரை அந்த இரண்டு மணித்தியாலத்தையும் என்ன செய்வது? தெரியாமல் தோற்பது ஒரு வகை; தெரிந்துகொண்டு தோற்பதற்காகப் பெற்றாரை வரவேற்றுக் கதிரை காட்டுவது இன்னொரு வகை. 'விஞ்ஞானி,' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். 'பரிசோதனை செய்யப் பயப்படுகிற விஞ்ஞானி. உன்னை யாழ்ப்பாண நூதனசாலையில் வைக்கலாம்.'

அப்போதுதான் கண் கதவுக்கு மேலே போனது. அங்கே சரஸ்வதி படம். அதற்குக் கீழே சின்னத் தட்டில், வாணி விழாவிலிருந்து கிடக்கும் சந்தன உருண்டை. நேரம் ஒன்பதே கால். ராகுகாலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். விறாந்தையில் ஒருவரும் இல்லை. தட்டை இறக்கினார். தண்ணீர்ப் போத்தலிலிருந்து நாலு சொட்டு விட்டுக் குழைத்தார். கொஞ்சம் தடிப்பாகத்தான் வந்தது. 'இது நம்பிக்கை இல்லை,' என்று சொல்லிக்கொண்டார். 'மீனாவின் திருப்திக்கு.' மீனா அப்போது வீட்டில் வடைக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் திருப்தி அவளுக்கு எந்த வழியால் போய்ச் சேரும் என்று அவர் யோசிக்கவில்லை.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. பற்றரியில் வைத்தால் கதிரவேலு கண்டுவிடுவார். அதற்குப் பிறகு மதில் பக்கம் தலைகாட்ட முடியாது. காந்தத்தில் வைத்தால் முன்வரிசைக்குத் தெரியும். ஓடுகிற கம்பிக்குத்தான் வைக்க வேண்டும், அதுவும் கண்ணில் படாத இடமாக. நடுவில் வைத்தால் பளிச்சென்று தெரியும். ஆகவே கம்பியின் இரண்டு நுனியிலும், தண்டவாளத்தில் படுக்கும் இடத்தில், தாராளமாக ஒவ்வொரு பொட்டு வைத்து, பொட்டுக் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பித் தண்டவாளத்தின் மேல் கிடத்தினார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கதவடியில் போய் நின்று பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் தெரியவில்லை. மிகவும் கெட்டிக்கார வேலை. மின்னோட்டம் கம்பிக்குள் ஏற வேண்டியதும் இறங்க வேண்டியதும் சரியாக அந்த இரண்டு இடத்தால்தான் என்பதை, இருபத்தொரு வருடமாக அதே இடத்தில் அம்புக்குறி போட்ட மனிதர், அந்த நேரத்தில் முற்றாக மறந்துபோனார்.

தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, முகம் கழுவப் போனார். மின்விசிறி சந்தனத்தை நன்றாகக் காயவைத்தது.

பதினொரு மணிக்கு ஆய்வுகூடம் நிறைந்துவிட்டது. பிள்ளைகளும் பெற்றாருமாக இருபத்தைந்து பேர் வரை. பிள்ளை இல்லாமல் வந்தவர்களும் சிலர் இருந்தோம். பாடசாலை ஊருக்குப் பொது. அதிபர் ரஞ்சினி பதிவுப் படிவங்களை ஒரு பைலில் வைத்து முன்மேசையில் இருந்தார். மீனாம்பிகை வடைச் சட்டியுடன் யன்னலடியில். கதிரவேலு பற்றரிக்குப் பக்கத்தில் காவல். சண்முகநாதன் முன்வரிசையில் கைகட்டிக்கொண்டு, பக்கத்தில் கீர்த்திகா.

சுதாகரன் பேசினார். பேச்சில் குறை சொல்ல முடியாது, இருபத்தொரு வருடப் பழக்கம். காந்தப் புலம் மேல்நோக்கி என்றார், மின்னோட்டம் இப்படி என்றார், இடக்கையின் மூன்று விரல்களை விரித்து முன்வரிசைக்கு நேரே நீட்டினார். இடக்கை தங்கள் முகத்துக்கு நேரே வந்ததில் இரண்டு தாய்மார் கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்தார்கள்.

"பெருவிரல் எந்தப் பக்கம் காட்டுது? யன்னல் பக்கம். அப்ப கம்பி யன்னல் பக்கம் ஓடும். பாருங்கோ." ஆழியை அழுத்தினார்.

கம்பி ஓடவில்லை.

திரும்ப அழுத்தினார். விட்டு அழுத்தினார். கம்பி, வேலைநிறுத்தம் செய்கிற ஆள்போலப் படுத்துக் கிடந்தது. யன்னலடியிலிருந்து வடை வாசம் வந்தது.

"லைற் பத்தேல்லை," என்றார் கதிரவேலு.

"தெரியுது அண்ணை."

"லைற் பத்தேல்லையெண்டால் கறண்ட் போகேல்லை."

"அதுவும் தெரியுது அண்ணை."

அதற்குப் பிறகு வந்தது ஆலோசனை. ஆழியில் பிழை என்றார் ஒருவர். வயரை மாற்றிக் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். காந்தம் பழசு என்றார் சண்முகநாதன். ராகுகாலம் என்றது பின்வரிசையில் ஒரு குரல். அது யாருடையது என்று இங்கே எழுதுவது எங்களுக்கு மரியாதை இல்லை. மாஸ்ரர் கிளிப்புகளைக் கழற்றி மாட்டினார், பல்ப்பைத் திருகினார், வேர்த்தார். கம்பியை மட்டும் தொடவில்லை. தொட்டால் கையால் தள்ளினார் என்று சொல்வார்கள். பின்வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார். அதிபர் மிஸ் படிவப் பைலை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். ஐந்து பெயர், இன்னும் மூன்று என்று சுதாகரனின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"அரக்குங்கோ மாஸ்ரர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றார் கதிரவேலு. பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து கம்பியை ஒரு விரலால் தட்டினார். கம்பி உருளவில்லை. "இதென்ன, ஒட்டிக் கிடக்குது!" நகத்தால் நெம்பி எடுத்தார். நுனியைப் பார்த்தார். விரலை மூக்கில் வைத்தார். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு அந்த ஹெட்லைற் பல்ப் ஈடாகாது.

"சந்தனம்!"

கூடத்தில் இருந்த இருபத்தைந்து தலையும் ஒன்றாக யன்னலடிக்குத் திரும்பின. சந்தனம் என்றால் மீனாம்பிகை. எங்கள் ஒழுங்கையில் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிறவள் அவள்தான்.

மீனாம்பிகை வடைச் சட்டியைப் பிடித்தபடி மாஸ்ரரைப் பார்த்தாள். ஒரேயொரு பார்வை. அவள் விடிந்ததிலிருந்து ஆய்வுகூடப் பக்கமே வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கியது. அவள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஓம், நான்தான்..." என்று தொடங்கினாள்.

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. "பாவம், புருசனுக்கு நல்லது நடக்கோணுமெண்டு வைச்சிருக்கிறா," என்றாள் ஒரு தாய். சண்முகநாதன் சிரித்துக்கொண்டே, "சேர், முதலிலை வீட்டிலை பௌதிகம் படிப்பிச்சிருக்கலாமே," என்றார். அதிபர் மிஸ்கூடச் சிரித்து, பைலின் மேலிருந்து கையை எடுத்தார்.

சுதாகரன் தப்பிவிட்டார். இதைவிட நல்ல வழி அவரே யோசித்திருந்தாலும் கிடைத்திராது. பரிசோதனையில் பிழை இல்லை, ஆசிரியரில் பிழை இல்லை, பெண்சாதியின் பக்தியில் பிழை. ஒரு கைக்குட்டையால் துடைத்துவிட்டு மேலே நடக்கலாம். 'பொம்பிளையள்தானே' என்று ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தும்விட்டது.

அவர் கம்பியைக் கதிரவேலுவிடமிருந்து வாங்கித் துடைத்தார். முதல் நுனி. இரண்டாம் நுனி. இரண்டிலும் ஒரே அளவாக, கவனமாக, ஒளித்து வைத்த பொட்டு. தான் கதவடியில் போய் நின்று பார்த்தது ஞாபகம் வந்தது. ஒரு திருடன்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கமாட்டான். இனிப் பத்து வருடத்துக்கு இந்த ஒழுங்கை 'மீனாம்பிகை பொட்டு வைச்சுக் கெடுத்த வகுப்பு' என்று கதைக்கும். அவருக்கு எங்களை நன்றாகத் தெரியும். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மூக்கால் வந்தது.

"அவ இல்லை," என்றார். "பொட்டு வைச்சது நான்தான்."

ஒருவரும் நம்பவில்லை. "விடுங்கோ சேர், அவவைக் காப்பாத்தாதேங்கோ," என்றார் சண்முகநாதன்.

"உண்மையாத்தான் சொல்லுறன். காலமை ஒன்பதே காலுக்கு. உந்தப் படத்துக்குக் கீழை கிடந்த சந்தனம். தண்ணி விட்டுக் குழைச்சது நான். ஒருதரும் காணக்கூடாதெண்டு கீழ்ப்பக்கமா வைச்சதும் நான். ஏனெண்டால் எனக்குப் பயம். இருபத்தொரு வருசமா இது ஓடுமெண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒருநாளும் ஓடினதைக் கண்டதில்லை. இண்டைக்கு ஓட்டிப் பாக்கவும் இல்லை. ஓடாட்டி என்ன செய்யிறதெண்டு..." அவர் கம்பியை உயர்த்திக் காட்டினார். "நான்தான் உங்கடை பிள்ளையளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கப் போறவர்."

இந்த முறை எழுந்த சிரிப்பு வேறு. கூரைத் தகடு அதிர்ந்தது. எங்களில் ஒருவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. சிரிக்காமல் நின்றவர் கதிரவேலு ஒருவர்தான். அவர் ஒரு வருடமாகக் காத்திருந்த நேரம் அது.

"மாஸ்ரர்," என்றார் மிகவும் பணிவாக, "மோட்டர் பொட்டிலை ஓடாதெண்டு சொன்னது நீங்கள்தானே?"

"நான்தான் அண்ணை."

"அது சரிதான். ஆனால் பொட்டை எங்கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியும். நான் மோட்டரின்ரை கவசத்திலை வைச்சனான். வயர் பூட்டுற இடத்திலை வைக்கேல்லை." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு அரத்தாளை எடுத்துக் கொடுத்தார். "நல்லா உரஞ்சுங்கோ."

சுதாகரன் உரஞ்சினார். பித்தளை மினுங்கியது. கம்பியைத் தண்டவாளத்தின் மேல் வைத்தார். ஆழியை அழுத்தினார்.

ஹெட்லைற் பளிச்சென்று பற்றியது. கம்பி ஒரு கணம் யோசித்ததுபோல நின்று, பிறகு யாரும் தொடாமல், யாரும் ஊதாமல், யன்னல் பக்கமாகக் கடகடவென்று உருண்டு, தண்டவாளம் முடிந்த இடத்தில் மேசையில் விழுந்து, நிலத்தில் விழுந்து, மீனாம்பிகையின் காலடியில் போய் நின்றது.

"உவ்வளவுதானோ?" என்றார் ஒரு தகப்பன்.

அவ்வளவுதான். ஒரு சாண் தூரம். இதற்காகவா திரைச்சீலையைக் கழற்றினார் என்று எங்களுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் சுதாகரன் அதைக் கேட்கவில்லை. "ஓடுது!" என்று கத்தினார். "மீனா, ஓடுதப்பா!" ஓடும் என்று இத்தனை வருடமாகச் சத்தியம் பண்ணியவரைவிட அதிகமாக அங்கே ஆச்சரியப்பட்டவர் யாருமில்லை. நாற்பத்தெட்டு வயது மனிதர் முழங்காலில் போய்க் கம்பியைப் பொறுக்கிக்கொண்டு வந்து திரும்ப வைத்தார். ஓடியது. திரும்ப வைத்தார். ஓடியது. ஐந்தாம் முறை அதிபர் மிஸ் செருமினார். "சுதாகரன் சேர், பெற்றார் இருக்கினம்."

"காந்தம் இழுக்குது, கம்பி போகுது. இதிலை என்ன புதினம்?" என்றார் சண்முகநாதன்.

மாஸ்ரர் வாயைத் திறக்கமுன் கீர்த்திகா எழுந்து வந்தாள். கம்பியை எடுத்து நேரே காந்தத்தில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. "அப்பா, இது பித்தளை. காந்தம் இழுக்காது." பிறகு கதிரவேலுவைப் பார்த்து, "மாமா, வயரை மாத்திக் குடுங்கோ," என்றாள். கதிரவேலு வகுப்புக்குள் முதன்முதலாகக் கேள்வி கேட்கப்பட்ட மாணவன்போல அவசரமாக மாற்றிக் கொடுத்தார். கம்பி இப்போது எதிர்ப்பக்கம், சுவர்ப்பக்கம் ஓடியது. கூடத்தில் "ஆ" என்று ஒரு சத்தம். சண்முகநாதன் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

பின்வரிசையிலிருந்து பிரகாஸ், நிருஷன் என்ற இரண்டு பொடியன்கள் எழுந்து அதிபர் மிஸ்ஸின் மேசைக்குப் போனார்கள். படிவம் கேட்டார்கள். கம்பி விழும்போது பறந்த சின்ன நெருப்புப் பொறிதான் அவர்களுக்குப் பிடித்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். காரணம் எதுவாக இருந்தாலும் பெயர் பெயர்தான். ஏழு.

கீர்த்திகா இன்னும் மேசையடியிலேயே நின்றாள். "சேர், கம்பி ஓடேக்கை லைற் கொஞ்சம் மங்கிது. ஏன்?"

சுதாகரனுக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. புத்தகத்தில் இருக்கிறது: ஓடுகிற கம்பிக்குள் எதிராக ஒரு மின்னியக்க விசை பிறக்கும். ஆழமான குரலில் சொன்னால் தகப்பன் அந்த இடத்திலேயே கையெழுத்து வைப்பார். இருபத்தொரு வருடப் பழக்கம் அவரைப் பலகைப் பக்கம் ஒரு அடி நடத்தியும்விட்டது. சோக்கட்டியை எடுத்தார். மனதுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தார். இவ்வளவு சின்னக் காந்தத்துக்கு, இவ்வளவு மெதுவாக ஓடும் கம்பிக்கு, அந்த விசை கண்ணுக்குத் தெரியுமளவுக்கு வராது.

சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

"புத்தகத்திலை ஒரு மறுமொழி இருக்கு. ஆனால் அது இதுக்குக் காணாது. ஏனெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. என்ரை சந்தனம் தண்டவாளத்திலை இன்னும் எங்கையும் ஒட்டிக் கிடக்குதோ தெரியாது."

"என்னண்டு கண்டுபிடிக்கிறது?"

"உரஞ்சிப்போட்டுத் திரும்ப ஓட்டிப் பாக்கோணும்."

அவள் அரத்தாளை எடுத்துக்கொண்டாள். அவர் ஒரு தண்டவாளத்தை உரஞ்ச, அவள் மற்றதை உரஞ்சினாள். கதிரவேலு, "பற்றரி இறங்கப்போகுது," என்று சொல்லிக்கொண்டே வெளிச்சத்துக்கு யன்னலைத் திறந்துவிட்டார். மற்றவர்கள் மெல்ல மெல்ல வடைப் பக்கம் நகர்ந்தார்கள். நாங்களும்தான். பௌதிகவியல் எங்கேயும் போய்விடாது, வடை அப்படியல்ல.

சண்முகநாதன் மட்டும் ஒரு கையில் வடையோடு மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். "பிள்ளை, போவமே?" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதிபர் மிஸ்ஸின் மேசைக்குப் போய், வடை எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்து, "எங்கை கையெழுத்து?" என்று கேட்டார். நெல்லியடி பஸ்ஸில் காலமை கால் வைக்க இடமில்லை, அதற்காகத்தான் மனதை மாற்றினார் என்று எங்களில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இருக்கலாம். மற்றவர் மனதுக்குள் புகுந்து பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அதிபர் ரஞ்சினி படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "சுதாகரன் சேர், எட்டு."

அவர் குனிந்து பல்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர்! எட்டுப் பேர் வந்திட்டினம். வகுப்பு இருக்கு."

மீனாம்பிகை கிட்டப்போய் முழங்கையால் இடித்தாள். "இஞ்சேருங்கோ, மிஸ் கூப்பிடுறா."

"ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லு," என்றார் சுதாகரன். "இந்த முறை மங்கேல்லை."